பெர்சா இருக்கக் கூடாத பல்பு

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.05க்குப் பால் பொங்கியது, துடைத்தேன். பொன்னேரியில் 6.22 மின்சார ரயில் நான்கு நிமிடம் தாமதம். வலப்பக்க ஜன்னல் இருக்கை கிடைத்தது. கவரைப்பேட்டையில் ஒருவர் என் காலை மிதித்துவிட்டு, காலை ஏன் அங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டார். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கம்பெனி பஸ் பிடித்து, 7.14க்கு அட்டை தேய்த்து உள்ளே போனேன். 7.20க்கு கேஜ் ரூமைத் திறந்தேன். அறை வெப்பநிலை 20.4 டிகிரி. கைகழுவித் துடைத்துக்கொண்டு கணினியைப் போட்டேன். சிவப்பு வரி எதுவும் இல்லை. பீரோவின் தலையில் இருந்த பல்பும் எரியவில்லை.

அந்தப் பல்பு முந்தின நாள் மதியம்தான் வந்தது. அது சாதாரணப் பல்பு அல்ல. எங்கள் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. செவ்வாய் காலை பதினொரு மணிக்கு அதற்குக் காப்புரிமை கோருவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு பேட்டன்ட் ஏஜென்ட் வருவதாக இருந்தது. கண்டுபிடித்தவன் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குக் கீழே பொது மேலாளர் போடுவார். என் பெயருக்குக் கீழே அவர் பெயர் வருவது அந்த ஒரு காகிதத்தில்தான்.

கேஜ் ரூம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் வால்வுகளுக்கான இரும்பு உடல்கள் செய்கிறோம். துளை சரியாக இருக்கிறதா, மரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அளவுக் கருவிகள் உண்டு. அவற்றைத்தான் கேஜ் என்கிறோம். அளக்கிற கருவியே தேய்ந்து போனால் அளவு பொய்யாகிவிடும். ஆகவே கருவிகளையும் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். எந்தக் கருவியை எப்போது அளக்க வேண்டும் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. இருபத்து மூன்று ஆண்டுகளாகச் செய்கிறேன். யாரும் பொறாமைப்பட்டதில்லை.

முதலில் இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். பிறகு நிறுவனம் விலை கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கியது. பார்க்க லட்சணமாக இருந்தது. ஓர் ஆண்டு ஏப்ரல் மாதம் அதன் உரிமத்தைப் புதுப்பிக்கத் தலைமை அலுவலகம் மறந்துவிட்டது. மறுநாள் திரையில் ஒரு பூட்டுப் படம். எங்கள் கருவிகள், நாங்கள் எடுத்த அளவுகள், என் விரல்களால் தட்டியவை. அவற்றைப் பார்ப்பதற்கு மட்டும் இன்னொருவரின் அனுமதி வேண்டும். கோப்பை வேறெந்த மென்பொருளாலும் திறக்க முடியாது. அந்தக் கோப்பு வடிவம் அவர்களுடைய ரகசியம். நான் அளந்த மைக்ரோமீட்டர் அளவில் அவர்களுக்கு என்ன ரகசியம் என்று கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. எங்கள் சேவையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்றது.

அதன் பிறகுதான் இணையத்தில் தேடி ஒரு கட்டற்ற மென்பொருளை எடுத்தேன். யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதி எல்லோருக்குமாக வைத்திருந்தார். மூல நிரல் அப்படியே திறந்து கிடந்தது. கூடவே பதினொரு பக்க உரிமப் பத்திரம். அதன் சாரம் இவ்வளவுதான்: எடுத்துக்கொள், மாற்று, பிறருக்குக் கொடு. கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமைகளோடு கொடு, பூட்டிவிடாதே. பதினொரு பக்கத்தையும் படித்தேன். படித்ததை வெளியில் சொல்வதில்லை. அதற்கெல்லாம் நேரமிருக்கிறதா என்று கேட்பார்கள்.

அப்போது புதிதாக வந்திருந்த பொது மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. என்னைவிடப் பதினொரு வயது இளையவர், ஆனாலும் "சார்" போட்டுத்தான் திட்டுவார்.

"என்ன சார் இது, ஓசி சாஃப்ட்வேரா?"

"ஓப்பன் சோர்ஸ், சார்."

"அதான் சார், ஓசி."

திறந்த வடிவத்தில் கோப்பை வைத்தால் எந்தக் கணினியிலும் திறக்கலாம் என்றேன். மேசையிலிருந்த பன்னிரண்டு மில்லி போல்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இதுக்கு எந்தக் கடை நட்டும் சேரும் சார். மரை அளவு என்னன்னு எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வெச்சிருக்கு. போல்ட் வாங்கின கடையிலேயேதான் நட்டும் வாங்கணும்னா நம்ம பொழப்பு என்ன ஆகும்?" என்றேன். போல்ட்டை உருட்டிப் பார்த்தார். "போல்ட் வேற, சாஃப்ட்வேர் வேற சார்" என்றார். அதை மறுக்க முடியாது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஆடிட்டுக்காக நிறுவனத்தின் சொத்துகளுக்கெல்லாம் எண் ஒட்டியபோது இதற்கும் ஓர் எண் கேட்டேன். பொது மேலாளர் என் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதினார்: "இது கம்பெனி சொத்து அல்ல. ஓசியில் வந்தது. கணக்கில் ஏற்ற வேண்டாம்." கீழே கையெழுத்து, தேதி. அந்தத் தாளை 14ஆம் கோப்பில் வைத்தேன். காகிதம் என்று எது வந்தாலும் நான் கோப்பில் வைப்பவன். இது ஒரு வியாதி என்பது வீட்டில் உள்ளவர்களின் கருத்து.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த மென்பொருளில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருந்தது. அதை நடத்தியவள் கேஜ் ரூமில் என்னோடு ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்த இன்ஸ்பெக்டர் பெண். ஆரம்பாக்கத்துக்காரி. அப்பா கூலிக்கு நாற்று நட்டவர், இவள் டிப்ளமோ படித்து இரும்பை அளக்க வந்தாள். ஒருநாள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"இன்னா சார் இது, நாள் கணக்கு வெச்சிக்கினு? பீரோல தூங்கற கேஜும், டெய்லி ஐந்நூறு தபா ஓட்டையில பூந்து பூந்து வர்ற கேஜும் ஒண்ணா? எத்தினி தபா பூந்துச்சுன்னு இல்ல எண்ணணும்?"

அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கொரு முறை என்பதை விட்டுவிட்டு, உபயோகத்தை எண்ணி, அளக்கும் நேரம் வந்தால் சிவப்பு வரி காட்டும்படி நிரலை மாற்றினோம். உழைத்த கருவி முன்னால் சிவந்தது, தூங்கிய கருவி பின்னால் சிவந்தது. சில ஆண்டுகள் கழித்து அவளுடைய ஒப்பந்தத்தை நிறுவனம் புதுப்பிக்கவில்லை. அதைப் புதுப்பிக்க மறக்கவில்லை, யோசித்தே செய்தார்கள். அவளும் அவள் கணவனும் புறவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஷெட் எடுத்து இரண்டு லேத் போட்டு, புஷ் என்கிற உலோக வளையங்கள் கடைகிறார்கள். மென்பொருளின் பிரதி ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். அதே போல இந்தத் தொழிற்பேட்டையிலேயே இன்னும் ஆறு சின்னப் பட்டறைகளுக்கும் கொடுத்தேன். யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் டயரியில் இருக்கிறது. உரிமப் பத்திரத்தின் நகலையும் கொடுத்தேன். யாரும் படிக்கவில்லை.

இப்படி ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒரு புதுமையைக் காட்ட வேண்டும், முடிந்தால் காப்புரிமையோடு. பொது மேலாளர் தொழிற்சாலை முழுக்கப் புதுமையைத் தேடினார். கேன்டீனில் கிடைக்கவில்லை. கடைசியில் என் அறைக்கு வந்து திரையைப் பார்த்தார்.

"சார், இது நம்ம கண்டுபிடிப்பு இல்ல?" என்றார்.

ஓசி என்ற சொல் அன்றோடு தொழிற்சாலையை விட்டுப் போனது.

பத்து நாளில் இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில் என்னைத் துணை மேலாளராக்கும் உத்தரவு, தேதி மட்டும் போடவில்லை. இன்னொன்றில், அவர் கேட்டபோது நான் சொன்ன ஏழு பட்டறைகளுக்குமான ஏழு கடிதங்கள், ஜூலை 10 தேதியிட்டவை. "எங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்தான மேற்படி மென்பொருளைத் தாங்கள் உடனடியாக நிறுத்த வேண்டும்." ஏழிலும் நான் கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்தவனே கேட்டால்தான் மரியாதையாக இருக்கும் என்றார் பொது மேலாளர். நான்காவது கடிதம் ஆரம்பாக்கத்துப் பெண்ணின் ஷெட்டுக்கு. அவளுடைய மூளையில் உதித்ததை அவள் உபயோகிக்கக் கூடாது என்று அவளுக்கு நான் எழுதுவதாக அமைந்திருந்தது. எழுத்துப் பிழை இல்லை.

இரண்டு உறைகளையும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் பூட்டித்தான் வைத்தேன். துணை மேலாளர் என்ற சொல்லை டயரியின் கடைசிப் பக்கத்தில் ஒருமுறை எழுதியும் பார்த்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை 9.40க்கு டீ வந்தபோது அவளிடமிருந்து போன்.

"சார், நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எங்களுக்கு ஆடிட். புது பார்ட்டி. கேஜ் லிஸ்ட்டைக் காட்டினாத்தான் ஆர்டரு."

"தெரியும்மா."

"உங்க எலக்ட்ரிசியன் அண்ணன் எங்க தெருதான். லெட்டரு வருதாமே? நாளைலேர்ந்து அத தொடக் கூடாதாமே?"

"இன்னும் கையெழுத்துப் போடல."

"போடுவீங்களா சார்?"

நான் டீயைக் குடித்தேன். அதில் சர்க்கரை இல்லை என்று அவளிடம் சொன்னேன்.

"பேஜாரு புடிச்ச சாஃப்ட்வேரு சார். நோட்டுலயே எழுதிக்கினு இருந்திருக்கலாம். மூணு வருஷ லிஸ்ட்டை ஒரே நாள்ல நோட்டுக்கு மாத்தினா அவங்க நம்புவாங்களா? மை காயாம பளபளன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டராக இருந்தபோதும் இதே தொல்லைதான்.

பதினொரு மணிக்கு வர வேண்டியவர் 10.56க்கே வந்தார். நாற்பது வயது இருக்கும், பருத்திப் புடவை, கையில் கோடு போட்ட நோட்டு. எனக்கு அவரைப் பிடித்துப்போனது, பிடிக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். கேஜ் ரூமிலேயே உட்கார்ந்தோம். பிஸ்கட் தட்டு வந்தது. பொது மேலாளர் என் பதவி உத்தரவின் இன்னொரு பிரதியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார், தற்செயலாக.

"ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன்" என்றார் அந்த அம்மாள். "நம்ம சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராம் 'பெர் சே'வுக்குக் காப்புரிமை கிடையாது. பெர் சேன்னா, புரோகிராம் தன்னளவில், வெறும் புரோகிராமா இருந்தா."

"அது எங்களுக்குத் தெரியும் மேடம்" என்றார் பொது மேலாளர். "போன்லயே சொன்னீங்களே. அதனாலதான் ஹார்டுவேர் ஒண்ணு சேத்துட்டோம். கேஜுக்கு நேரம் வந்துட்டா பீரோ மேல சிவப்பு லைட் எரியும். இப்ப இது வெறும் புரோகிராம் இல்ல. பீரோவோட சேர்ந்த புரோகிராம்."

"எங்கே லைட்?"

பொது மேலாளர் பீரோவைக் காட்டினார். அம்மாள் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். பீரோவின் உச்சியில் மிளகளவுக்கு ஏதோ சிவந்தது.

முந்தின நாள் நான் சாப்பிடப் போயிருந்தபோது மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சிக்கன நடவடிக்கை என்று நினைத்துக்கொண்டேன். அது அப்படியில்லை என்று இப்போது தெரிந்தது. பொது மேலாளர் எலக்ட்ரிசியனைக் கூப்பிட்டனுப்பினார். என் வயதுக்காரர், தொழிற்சாலை கட்டிய நாளிலிருந்து இருப்பவர்.

"என்னய்யா இது? லைட் போடச் சொன்னா கொசுமுட்டை மாதிரி ஒண்ணை வெச்சிருக்க?"

"நீங்கதான சார் சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்?"

"பேட்டன்ட்டுக்கு பெர்சா இருக்கக் கூடாது, பெர்சா இருந்தா குடுக்க மாட்டாங்கன்னு. ரெண்டு தபா சொன்னீங்க சார். ஸ்டோர்ல கீறதுலயே சின்னது இதான். பழைய ஸ்டெபிலைசர்லேர்ந்து புடுங்கினேன். இத்த விட சின்னது வேணும்னா வெளிய ஆர்டர் போடணும்."

பொது மேலாளர், "பெர் சே, பெர் சே" என்றார். "பெர் சேயா இருக்கக் கூடாதுன்னேன்."

"அத்தானே சார் நானும் சொல்றேன்" என்றார் எலக்ட்ரிசியன்.

பேட்டன்ட் அம்மாள் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் மட்டும் அசைந்தன. நோட்டை இறக்கியபோது முகம் பழையபடி ஆகியிருந்தது.

"பல்பு எந்த சைஸ்ல இருந்தாலும் சரி சார், அதை ஒட்ட வெச்சா மட்டும் போதாது" என்றார். "உண்மையான தொழில்நுட்பப் பயன் ஏதாவது இருக்கணும். இதுல ரெண்டு கட்சி இருக்கு. காப்புரிமை இல்லாட்டி புதுசா யாரும் மெனக்கெட மாட்டாங்கங்கிறது ஒரு கட்சி. இதுக்கெல்லாம் காப்புரிமை குடுத்தா அடுத்தவன் ஒரு வரி எழுதறதுக்கும் வக்கீலைக் கேட்கணுங்கிறது இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டு கட்சியிலயும் கிளையன்ட் உண்டு." எலக்ட்ரிசியன் போகாமல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பல்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அவரைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"எண்ணிக்கையை வெச்சுத் தேய்மானத்தைக் கணிக்கிறது நல்ல யோசனைதான்" என்று அம்மாள் தொடர்ந்தார். "வாதாடிப் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி ஒரே கேள்வி. இதை இதுக்கு முன்னாடி வெளியில யாராவது உபயோகிச்சிருக்காங்களா? ஏற்கெனவே பொதுவில் வந்துட்டா புதுமைன்னு சொல்ல முடியாது."

"இல்ல மேடம்" என்றார் பொது மேலாளர்.

"சார் சொல்லட்டும்" என்று என்னைப் பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 11.31. 'இல்லை' என்பது மூன்றெழுத்து. சொல்லியிருந்தால் தட்டுக்குப் பக்கத்திலிருந்த காகிதத்துக்குத் தேதி வந்திருக்கும். சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் இழுப்பறையில் இருக்கும் ஏழு கடிதங்கள் ஞாபகத்துக்கு வந்தன. யாரும் உபயோகிக்கவில்லை என்று ஒரு காகிதத்திலும், உபயோகிப்பதை நிறுத்துங்கள் என்று ஏழு காகிதத்திலும் ஒரே மனிதன் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். நான் பெரிய நேர்மையாளன் அல்ல. பொருந்தாத இரண்டு ஆவணங்களை ஒரே கோப்பில் வைக்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

"ஏழு இடம், மேடம்" என்றேன். இழுப்பறையைத் திறந்து கடிதங்களை எடுத்து வைத்தேன். "முகவரி இதுல இருக்கு."

"எப்பக் குடுத்தீங்கன்னு தேதி இருக்கா?"

"நேரமே இருக்கு மேடம்."

அலமாரியிலிருந்து டயரிகளை எடுத்து வந்தேன். பொது மேலாளர் முகம் சிவந்தது. பல்பை விட நன்றாகத் தெரிந்தது.

"கம்பெனி சொத்தைக் கம்பெனியைக் கேக்காம வெளியில குடுத்தது தப்பு இல்லையா சார்?"

14ஆம் கோப்பை எடுத்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தத் தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். தன் கையெழுத்தை அவர் இரண்டு முறை படித்தார். அம்மாள் எட்டிப் பார்த்து, "ஓசியில் வந்தது" என்று மெதுவாக வாசித்தார். கூடவே இருந்த உரிமப் பத்திரத்தைப் புரட்டினார். பதினொரு பக்கத்தையும். எனக்குத் தெரிந்து அதைப் படித்த இரண்டாவது ஆள் அவர்.

"இதுல காப்புரிமை வாங்கிப் பூட்டினா, இதை உங்களுக்குக் குடுத்தவர் நாளைக்கு உங்க மேல கேஸ் போடலாம் சார்" என்று பொது மேலாளரிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "என் சொந்த ஆர்வத்துக்குக் கேட்கறேன். எண்ணிக்கை யோசனை உங்களோடதுதானா?"

2017ஆம் ஆண்டு டயரியைப் பிரித்தேன். பிப்ரவரி 21. அன்று காலை உப்புமா, ரயில் ஏழு நிமிடம் தாமதம், அறை வெப்பநிலை 20.1 எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே: "கணக்கிடும் முறை மாற்றப்பட்டது. பலன் நன்று."

மாற்றப்பட்டது. யாரால் என்று இல்லை. உப்புமாவுக்குக் கூடச் செய்தவர் யார் என்று எழுதியிருந்தேன். நிரலைத் திறந்தால் முதல் வரியில் அதை எழுதிய முகம் தெரியாதவரின் பெயர் இருக்கும். இரண்டாவது வரியில், மாற்றியவர் என்று என் பெயர். யார் எதைச் செய்தார்கள் என்று தலையிலேயே எழுதிவைப்பதுதான் இந்த மென்பொருள்காரர்களின் ஒரே சடங்கு. அதிலும் அவள் இல்லை. அவள் மூளையைத் திருட மூன்று வாரமாக நடந்த ஏற்பாட்டைப் பார்த்து மனதுக்குள் நக்கலடித்துக்கொண்டிருந்தவன், ஏழு வருடத்துக்கு முன்பே ஒரு செயப்பாட்டு வினையால் காரியத்தை முடித்திருக்கிறேன். எனக்கு பல்புகூடத் தேவைப்படவில்லை.

"என்னுது இல்ல மேடம்" என்றேன். "நாலாவது கடிதத்துல இருக்கிற பொண்ணோடது."

அவர் நோட்டை மூடினார். பிஸ்கட் ஒன்று எடுத்துக்கொண்டார். 12.10க்குக் கார் கிளம்பியது.

பொது மேலாளர் மேசையிலிருந்த டயரிகளைப் புரட்டினார்.

"டயரி எழுதற பழக்கம் எப்பலேர்ந்து சார்?"

"பத்தாவது படிக்கும்போதுலேர்ந்து சார்."

"விட்டுடலாமே?"

பதவி உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் விஷயம் பரிசீலனையில் இருக்கும் என்றார். ஏழு கடிதங்களைக் காட்டி, பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, வீணாக்காதீர்கள் என்றார். கேன்டீனில் வேறு ஏதாவது கிடைக்கிறதா என்று இன்னொரு தரம் பார்க்கப் போனார் என்று நினைக்கிறேன்.

எலக்ட்ரிசியன் ஏணி போட்டு ஏறிப் பல்பைக் கழற்றினார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத்தினி கலாட்டாவுல கடைசீல யாரு சார் பல்பு வாங்கினது?"

"ஸ்டோர் சீட்டுல ஜி.எம். கையெழுத்து இருக்கு."

"அப்ப சரி" என்றார் திருப்தியோடு. திருப்பிக் கொடுக்கும் சீட்டில் காரணம் என்ற கட்டத்தைக் காட்டி என்ன எழுதுவது என்று கேட்டார். பெர் சே என்று எழுதச் சொன்னேன். 'பெர்சா இல்லை' என்று எழுதினார். ஸ்டோரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

1.05க்கு ஆரம்பாக்கத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். லேத் ஓடும் சத்தத்தில் அவள் கத்தினாள்.

"லெட்டரு வருதா சார், வரலையா?"

"வரல. லிஸ்ட்டை நாளைக்குத் தாராளமாக் காட்டு."

சத்தம் நின்றது. லேத்தை நிறுத்தியிருக்கிறாள். பிறகு, "நேத்து ராத்திரிலேர்ந்து நானும் எங்க ஊட்டுக்காரரும் நோட்டுல எழுதிக்கினு கீறோம் சார். நாப்பது பக்கம். கை ஒடிஞ்சி போச்சு. இத்த காலைல நாஷ்டா டைம்ல சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். "டீல சர்க்கரை இல்லன்னு சொல்லத் தெரிஞ்சுது."

மன்னிப்புக் கேட்டேன். 2017 டயரியைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். அவள் லேத்தைப் போட்டுவிட்டாள்.

5.18 ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து அன்றைய பக்கத்தை எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் செய்தார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியதில் வழக்கத்தை விட இருபது நிமிடம் கூடுதலாயிற்று.

மறுநாள், ஜூலை 10, புதன்கிழமை, 7.20க்கு கேஜ் ரூமைத் திறந்து வெப்பநிலையைக்கூடப் பார்க்காமல் முதல் வேலையாக நிரலைத் திறந்தேன். என் பெயருக்கு மேலே ஒரு வரி இடம் விட்டு அவள் பெயரைத் தட்டினேன். உபயோகத்தை எண்ணும் முறையைச் சொன்னவர், 21 பிப்ரவரி 2017. ஏழு இடங்களுக்கும் புதிய பிரதியை அனுப்பினேன். மணி 7.29.

7.33க்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. "இனிஷியல் தப்பு சார். அன்னிக்கு எனக்குக் கல்யாணம் ஆவல. எங்கப்பா இனிஷியல் போடுங்க."

சரிபார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. 7.36க்குத் திருத்தி மறுபடியும் ஏழு பேருக்கும் அனுப்பினேன்.